ஈரானில் எதிர்ப்பின் ஆடை: பாரசீக மரபும் அரசியல் வடிவமைப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 செப்டம்பரில் மஹ்சா அமினி என்ற 22 வயதுக் குர்திய இளம்பெண் டெஹ்ரானில் ஒழுக்கக் காவலர்களின் பிடியில் இருந்தபோது நினைவிழந்து உயிரிழந்த பின், ஈரானியரின் உடை பற்றி உலகெங்கும் பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சில் பெரும்பகுதி தலைத்துணி என்ற ஒரே பொருளைச் சுற்றி நின்றுவிட்டது. அந்நாட்டின் நெசவு, பூத்தையல், எழுத்துக்கலை, காவியம் ஆகியவற்றிலிருந்து தங்கள் எதிர்ப்பை உருவாக்கிக்கொண்டவர்களைப் பற்றி, ஆடை வடிவமைப்பு பயில்வோரும் பொது வாசகர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது.

ஓர் ஆடை எப்படி அரசியல் எதிர்ப்பாகிறது?

எந்த நாட்டில் உடையைச் சட்டம் தீர்மானிக்கிறதோ, அந்த நாட்டில் காலையில் எதை உடுத்துவது என்று முடிவு செய்வதே அரசியல் செயலாகிவிடுகிறது. ஈரானில் இது ஒரு நூற்றாண்டுக்குள் எதிரெதிரான இரண்டு திசைகளில் நடந்தது. மன்னர் ரெஸா ஷா 1928இல் கொண்டுவந்த உடைச் சட்டம், மதகுருமார் போன்ற சிலரை மட்டும் விலக்கிவிட்டு, ஆண்கள் எல்லோரும் ஐரோப்பிய உடையும் பஹ்லவித் தொப்பியும் அணிய வேண்டும் என்றது. பழங்குடிகளும் குர்தியர் போன்ற இனத்தவரும் தலைமுறைகளாக அணிந்துவந்த உடைகள் அதனால் குற்றமாயின. ஐரோப்பியத் தொப்பி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்து 1935 ஜூலையில் மஷ்ஹத் நகரின் கோஹர்ஷாத் பள்ளிவாசலில் கூடியவர்கள்மீது படையினர் சுட்டதில் பலர் மாண்டனர். 1936 ஜனவரி 8 அன்று பெண்கள் முக்காட்டை நீக்க வேண்டும் என்ற ஆணை வந்தது. காவலர்கள் தெருவில் பெண்களின் சாதரை, அதாவது தலை முதல் கால் வரை மூடும் போர்வையை, பிடித்திழுத்தனர். அதற்கு அஞ்சி வீட்டை விட்டு வெளியே வராமலே பல பெண்கள் அடைந்து கிடந்தனர்.

1979 புரட்சிக்குப் பின் கட்டாயம் திசை மாறியது. தலையை மூடாமல் பெண்கள் அலுவலகத்துக்கு வரக்கூடாது என்ற புரட்சித் தலைவர் கொமெய்னியின் கருத்து வெளியான மறுநாள், மார்ச் 8 மகளிர் நாளில், டெஹ்ரானில் ஆயிரக்கணக்கான பெண்கள் பனியில் ஊர்வலம் சென்றார்கள். போராட்டம் பல நாள் தொடர்ந்தது. ஆனாலும் 1983இல் தலைத்துணி அணியாமைக்கு 74 கசையடி என்பது சட்டமாயிற்று. முன்பு முக்காட்டைப் பறித்த அரசும் பின்பு அதைத் திணித்த அரசும் பெண்ணின் விருப்பத்தைக் கேட்கவில்லை என்பதை மறந்துவிட்டால், இங்கே பேசப்படும் எந்த ஆடையையும் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது.

பாரசீக மரபிலேயே இதற்கு முன்மாதிரி உண்டா?

உண்டு, அதுவும் அந்த மரபின் நடுப்பகுதியிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 1010இல் ஃபிர்தவ்சி முடித்த ஷாநாமா காவியத்தில், ஸஹ்ஹாக் என்ற கொடுங்கோலனின் தோள்களில் இரண்டு பாம்புகள் முளைக்கின்றன. அவற்றுக்கு நாள்தோறும் இளைஞர்களின் மூளை இரையாக வேண்டும். தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பறிகொடுத்து, கடைசி மகனையும் இழக்கும் நிலைக்கு வந்த காவே என்ற கொல்லன், அரசவைக்குள் நுழைந்து நியாயம் கேட்கிறான். மன்னன் நல்லவன் என்று சான்றளிக்கும் ஓலையில் கையொப்பமிடச் சொல்லும்போது அதைக் கிழித்துக் காலில் மிதிக்கிறான். பிறகு கடைத்தெருவுக்கு வந்து, உலைக்களத்தில் தீப்பொறி படாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த தோலை அவிழ்த்து ஈட்டி முனையில் மாட்டி உயர்த்துகிறான். மக்கள் அதன்பின் திரள்கிறார்கள்.

அந்தத் தோல் ஓர் உழைப்பாளி வேலைக்கு உடுத்திய உடை என்பதை ஆடை வடிவமைப்பாளர்கள் நின்று கவனிக்க வேண்டும். அதில் ஓவியமும் இல்லை, வாசகமும் இல்லை. இடுப்பில் இருந்தது உயரத்துக்குப் போனது என்ற ஒரே மாற்றத்தால் அது கொடியாயிற்று. காவியம் அத்தோடு நிறுத்தவும் இல்லை: அடுத்து அரசனான ஃபெரிதூன் அந்தத் தோலைப் பொற்சரிகைத் துணியாலும் மணிகளாலும் அணிசெய்து, சிவப்பு, மஞ்சள், ஊதா நிறத் தொங்கல்களைக் கட்டி, காவியானி கொடி என்று பெயரிடுகிறான், பின்வந்த ஒவ்வோர் அரசனும் மேலும் மணிகளைச் சேர்க்கிறான். இஸ்லாமுக்கு முன் ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசின் கொடி அதுவே என்பதும், 7ஆம் நூற்றாண்டில் காதிசிய்யா போரில் அது அரபுப் படையின் கைக்குப் போயிற்று என்பதும் மரபுவழிச் செய்தி. ஏழையின் எதிர்ப்பு அரண்மனையின் அணிகலனாகும் வழி இந்த ஒரு கதைக்குள்ளேயே இருக்கிறது. மரபைக் கையில் எடுக்கும் எந்த வடிவமைப்பாளரும் தாம் தோலை உயர்த்துகிறோமா, மணிகளைத் தைக்கிறோமா என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

2017 டிசம்பர் 27 அன்று டெஹ்ரானின் எங்கெலாப் தெருவில், அதாவது புரட்சித் தெருவில், விதா மொவஹெத் என்ற இளம்பெண் மின்பெட்டி ஒன்றின் மேல் ஏறி, தன் வெள்ளைத் தலைத்துணியைக் கழற்றிக் குச்சியில் மாட்டி அசையாமல் பிடித்து நின்றார். அவர் காவேயை நினைத்தாரா என்று தெரிய வேண்டியதில்லை. ஷாநாமாவைக் கேட்டு வளர்ந்த ஒரு சமூகம் அந்தக் காட்சியை எளிதில் படித்துக்கொண்டது. அவரைத் தொடர்ந்து பல பெண்கள் அவ்வாறே நின்றார்கள். அதிகாரிகள் அந்தப் பெட்டிகளின் மேல் யாரும் ஏறி நிற்க முடியாதபடி சாய்வான இரும்பு மூடிகளைப் பற்றவைத்தார்கள்.

பாரசீக மரபு என்று இங்கே எவை குறிக்கப்படுகின்றன?

யஸ்த், கெர்மான் நகரங்களின் தெர்மே என்ற நுண்நெசவுத் துணி, இஸ்ஃபஹானில் மர அச்சுகளால் பதிக்கப்படும் கலம்கார் பருத்தி, கெர்மான் பெண்கள் தடித்த கம்பளித் துணியை நிறைத்துப் போடும் பத்தே தையல், பலூச்சியரின் பூத்தையல், கீலானின் காசிமாபாத் பெண்கள் உடுத்தும் வண்ணப்பட்டை வைத்த பாவாடை, கஷ்காய் பெண்களின் பல அடுக்குப் பாவாடைகள், குர்தியரின் உடைகள் ஆகியவை முதன்மையானவை. இவற்றை ஒரே சொல்லில் பாரசீகம் என்று அடக்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலூச்சியர், குர்தியர், கஷ்காயர், அசெர்பைஜானியர் ஆகியோர் தங்களைப் பாரசீகர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவர்களின் தாய்மொழிகள் வேறு. பெண், வாழ்வு, விடுதலை என்ற 2022இன் முழக்கமும் குர்தியப் பெண்கள் இயக்கத்திலிருந்து வந்தது; மஹ்சா அமினி அடக்கம் செய்யப்பட்ட சக்கெஸ் நகரத்தில் முதலில் குர்திய மொழியில் ஒலித்து, பின்பே பாரசீக மொழியில் நாடெங்கும் பரவியது. அவருடைய குர்தியப் பெயரான ஜீனாவை அரசுப் பதிவேடுகளில் காண முடியாது. ஆகவே பலூச்சிப் பூத்தையலைப் பாரசீகக் கலை என்று பெயரிட்டு மேடையேற்றும் வடிவமைப்பாளர், விடுதலை என்ற பெயரால் இன்னொரு மக்களின் பெயரை அழித்துவிடக்கூடும்.

மாங்காய் வடிவத்துக்கும் எதிர்ப்புக்கும் தொடர்பு உண்டா?

காஞ்சிபுரம் பட்டில் நாம் மாங்காய் புட்டா என்று அழைப்பதைப் பாரசீகத்தில் போத்தே என்பார்கள். செடி, புதர் என்பது அச்சொல்லின் பொருள். காஷ்மீர் சால்வைகள் வழியாக ஐரோப்பா சென்ற இந்த வடிவம், 19ஆம் நூற்றாண்டில் அதைப் போல நெய்து விற்ற ஸ்காட்லாந்து ஊரான பெய்ஸ்லியின் பெயரிலேயே இன்று உலகெங்கும் விற்கப்படுகிறது. சால்வை, ஜரிகை, கலம்காரி ஆகிய சொற்கள் பாரசீக வேர் கொண்டவை என்பதையும், சோழமண்டலக் கரையின் கலம்காரித் துணிகள் பாரசீகச் சந்தைக்குச் சென்றவை என்பதையும் நினைத்தால், இந்த மரபு நமக்கு முற்றிலும் அயலானது அன்று.

ஈரானில் இந்த வடிவத்தைக் காற்றில் தலைசாய்ந்த சைப்ரஸ் மரமாகப் பலர் காண்கிறார்கள். சைப்ரஸுக்குப் பாரசீகக் கவிதையில் வழங்கும் அடைமொழி ஆசாத், அதாவது விடுதலை பெற்றது. பழம் தரும் மரங்களெல்லாம் ஒரு பருவத்தில் தழைத்து ஒரு பருவத்தில் வாடுகின்றன, சைப்ரஸ் எந்தப் பருவத்துக்கும் கட்டுப்படாமல் என்றும் பசுமையாக நிற்பதால் அதற்கு அந்தப் பெயர் என்று 1258இல் எழுதிய குலிஸ்தான் என்ற நூலில் பாரசீகக் கவிஞர் சஅதி விளக்குகிறார். தெருவில் இன்று முழங்கும் ஆசாதி என்ற சொல்லும் அந்த மரத்தின் அடைமொழியும் ஒரே வேரிலிருந்து வந்தவை. சால்வை ஓரத்தில் குனிந்து நிற்கும் அந்த மரத்தை ஒரு வடிவமைப்பாளர் நிமிர்த்தி வரைந்தால், வெளியாருக்கு அது வெறும் பூவேலையாகத் தெரியும். சஅதியைப் பள்ளியில் படித்தவருக்கு அந்த நிமிர்வின் பொருள் புரியும். தணிக்கை உள்ள நாட்டில் மரபு வடிவங்களுக்கு இருக்கும் பெரிய வலிமை இதுவே: எதிர்ப்பு வெளிப்படையாகக் கண்முன் நிற்கும், ஆனால் குற்றப்பத்திரிகையில் எழுத ஒரு சொல்லும் அகப்படாது.

ஆடையில் எழுத்தைப் பதிப்பது மேற்கத்திய டி-ஷர்ட்டைப் பார்த்து வந்த பழக்கமா?

இல்லை. இஸ்லாமிய உலகின் தொடக்க நூற்றாண்டுகளில் அரசுப் பட்டறைகளில் நெய்த துணிகளின் ஓரத்தில் கலீஃபாவின் பெயர் எழுத்தாக ஓடும். திராஸ் எனப்பட்ட அந்தப் பட்டையை அணிந்தவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதைத் துணியே சொல்லிவிடும். அரசன் அளிக்கும் பெருமை அங்கியை அணிவதும் பணிவின் அடையாளமே. ஆளுநர்கள் ஊர் எல்லைவரை சென்று அந்த அங்கியைப் பெற்று அணிந்த இடத்தின் நினைவாக, தப்ரீஸ் நகருக்கு வெளியே கல்அத் பூஷான் என்ற பெயருடைய கட்டடம் இன்றும் நிற்கிறது. சஃபாவிய அரச மரபின் காலத்துப் போர்வீரர்கள் குர்ஆன் வசனங்களும் எண்கட்டங்களும் எழுதிய சட்டைகளைக் காப்பாக அணிந்தார்கள்.

அதிகாரத்தின் எழுத்தும் காப்பின் எழுத்தும் இருந்த அதே இடத்தில் தன் எழுத்தை வைப்பதால்தான் எதிர்ப்பு எழுத்துக்கு அங்கே இவ்வளவு கனம். ஈரானியக் கலைஞர் ஷிரின் நெஷாத் 1993 முதல் 1997 வரை உருவாக்கிய அல்லாஹ்வின் பெண்கள் என்ற ஒளிப்படத் தொடரில், சாதர் அணிந்த பெண்களின் முகத்திலும் கையிலும் பாதத்திலும் பாரசீகக் கவிதை வரிகளை மையால் எழுதினார். துணி மூடாமல் விட்ட சிறு பகுதியில் பெண்ணின் சொல் குடியேறியது. அவர் எடுத்த வரிகளில் ஃபொரூக் ஃபர்ரோக்ஸாதின் துணிச்சலான கவிதையும் உண்டு, புரட்சியை ஆதரித்த தாஹெரே சஃபார்ஸாதேயின் கவிதையும் உண்டு. அந்த இருமனத்தை மறைக்காததால் அந்தப் படங்கள் முழக்கப் பலகையாகத் தேய்ந்துவிடவில்லை. அவை ஆடைகள் அல்ல. எனினும் பாரசீக எழுத்தை உடையில் கையாண்ட பின்வந்தவர்கள் பலருக்கு அவை இலக்கணமாயின.

கறுப்புச் சாதர்தானே ஈரானின் பாரம்பரிய உடை?

அது ஒரு பாரம்பரியம். முழுப் பாரம்பரியம் அன்று. நகரப் பெண்கள் வெளியே செல்லும்போது இருண்ட நிறச் சாதர் அணிந்தது உண்மை. ஆனால் வீட்டுக்குள்ளும் தொழுகையிலும் பூப்போட்ட வெளிர்நிறச் சாதர்கள் வழக்கில் இருந்தன. கிராமங்களிலும் மேய்ச்சல் குடிகளிடமும் தலையை மூடும் துணிகூட வண்ணமும் மெல்லிழையும் கொண்டது. வயலிலும் ஆட்டுமந்தையிலும் உழைக்கும் பெண் ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டே வேலை செய்ய முடியாது. கஷ்காய் அல்லது கீலான் உடையை ஒரு பெண் நகரத் தெருவில் அணிந்து வரும்போது, அரசு மரபென்று காட்டும் ஒரே நிறத்துக்கு எதிராக மரபின் மற்ற எல்லா நிறங்களையும் அவர் சாட்சிக்கு அழைக்கிறார்.

இந்த எதிர்ப்பு ஹிஜாபை எதிர்ப்பது மட்டும்தானா?

கட்டாயத்தை எதிர்ப்பது. இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியவர்கள் சாஹெதான் நகரின் பலூச்சிப் பெண்கள். 2022 செப்டம்பர் 30 அன்று அந்நகரில் தொழுகைக்குப் பின் கூடியவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் கொல்லப்பட்ட பின், கறுப்புச் சாதர் அணிந்த பெண்கள் தெருவில் இறங்கி, ஹிஜாபோடு ஆனாலும் ஹிஜாப் இன்றி ஆனாலும் புரட்சியை நோக்கி முன்செல்வோம் என்று முழங்கினார்கள். சாதரே அன்று எதிர்ப்பின் உடையாயிற்று.

ஆண்களும் இதில் உண்டு. 2009 டிசம்பரில் மாணவர் நாள் கூட்டத்தில் பேசிய மஜித் தவக்கொலி கைதானபோது, அவர் பெண் வேடத்தில் தப்ப முயன்றார் என்று சொல்லி, சாதர் அணிந்த அவருடைய படத்தை அரசு சார்பு ஊடகங்கள் வெளியிட்டன. அவரை அவமானப்படுத்துவது நோக்கம். நூற்றுக்கணக்கான ஈரானிய ஆண்கள் தாங்களும் தலைத்துணி அணிந்து படமெடுத்து இணையத்தில் வெளியிட்டு அந்த நோக்கத்தை முறியடித்தார்கள். 2013 ஏப்ரலில் குர்திய நகரமான மரிவானில், தண்டனையாக ஓர் ஆணுக்குக் குர்தியப் பெண்களின் சிவப்பு உடையை அணிவித்து ஊர்வலமாகக் கொண்டு சென்றார்கள். தங்கள் தாய்மாரின் உடையை இழிவின் கருவியாக்கியதைப் பொறுக்காத பெண்கள் சிவப்பு உடையில் தெருவுக்கு வந்தார்கள். குர்திய ஆண்கள் பெண்களின் உடையை விரும்பி அணிந்து, பெண்ணாக இருப்பது தண்டனை ஆகாது என்ற பொருளில் எழுதிப் படங்களை வெளியிட்டார்கள். இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் நிகழ்வுகளிலேயே என் மனத்தை மிக ஆழமாகத் தொட்டது இதுதான். அங்கே புதிதாக எதுவும் வடிவமைக்கப்படவில்லை. ஊர்ப் பெட்டியில் இருந்த உடை, அதை அணிந்த உடல் மாறியதால், புதிய பொருள் பெற்றது.

2022இல் பெண்கள் முடியை வெட்டிக்கொண்டதும் மரபா?

ஆம். ஷாநாமாவில் கணவன் சியாவுஷ் அநியாயமாகக் கொல்லப்படும்போது ஃபரங்கிஸ் தன் நீண்ட கூந்தலை வெட்டி இடுப்பில் கட்டிக்கொள்கிறாள். குர்தியரிடமும் லோர் மக்களிடமும் இழவு வீட்டில் பெண்கள் முடி கொய்வது அண்மைக்காலம் வரை இருந்த வழக்கம். ஆகவே கல்லறையின் மேல் வைக்கப்பட்ட பின்னல்களையும் கொம்பில் கட்டி உயர்த்தப்பட்ட கூந்தலையும் வெளிநாடுகளில் பலர் துணிச்சலின் அடையாளமாக மட்டும் கண்டபோது, ஈரானில் அவை துக்கத்தின் பழைய மொழியாகவும் ஒலித்தன. இந்த வழக்கை அறியாமல் வெட்டிய கூந்தலை அலங்காரப் பொருளாக்கும் ஆடைகள் ஒரு சாவு வீட்டுச் சடங்கை விற்பனைக்கு வைக்கின்றன என்பதை அவற்றை உருவாக்குவோர் உணர வேண்டும்.

அக்காலத்தில் விளையாட்டுக் களத்திலும் உடை எதிர்ப்பாகப் படிக்கப்பட்டது. அக்டோபரில் தென்கொரியாவின் சோல் நகரில் நடந்த ஆசியச் சுவரேற்றப் போட்டியில் வீராங்கனை எல்னாஸ் ரெகாபி தலைத்துணி இன்றிச் சுவரேறினார். செப்டம்பர் இறுதியில் ஆஸ்திரியாவில் செனகலுடன் நடந்த ஆட்டத்துக்கு முன் ஈரானின் கால்பந்து வீரர்கள் நாட்டுச் சின்னம் தெரியாதபடி கறுப்பு மேலங்கியை அணிந்து நின்றார்கள். கத்தார் உலகக் கோப்பையில் பெண், வாழ்வு, விடுதலை என்று எழுதிய சட்டையுடன் வந்த ரசிகர்கள் வாயிலில் தடுக்கப்பட்டார்கள்.

அரசும் இதே மரபைப் பயன்படுத்துகிறதா?

பயன்படுத்துகிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. 2006இல் ஈரான் நாடாளுமன்றம் ஆடைப் பாணிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, ஈரானிய இஸ்லாமிய வடிவங்களை ஊக்குவிப்பதும் அயல்பாணிகளைக் குறைப்பதும் அரசின் கடமை என்றது. அதன்பின் அரசு ஆதரவில் ஆடை விழாக்கள் நடந்தன. வட்டார உடைகள், மரபு வடிவங்கள், எழுத்தணி ஆகியவை அங்கே மேடையேறின. உரிமம் பெற்று வேலை செய்யும் டெஹ்ரான் வடிவமைப்பாளர் ஒருவர் தெர்மே துணியில் மாந்தோ என்ற நீள் மேலங்கியைத் தைத்தால் அது அரசின் கொள்கைக்கு இசைந்ததும் ஆகலாம், அதன் வெட்டாலும் நீளத்தாலும் நிறத்தாலும் அதை மீறுவதும் ஆகலாம். முன்புறம் பொத்தான் இல்லாமல் திறந்து கிடக்கும் மாந்தோக்களும் முதுகில் வாசகம் அச்சிட்ட மாந்தோக்களும் தடைசெய்யப்பட்டது இந்த எல்லைக்கோட்டில் நடந்த இழுபறியே. 2016இல் இணையத்தில் தலைத்துணி இல்லாத படங்களை வெளியிட்ட விளம்பர அழகிகளையும் அவர்களோடு வேலை செய்தவர்களையும் கைது செய்தபோது, ஆடைத் தொழிலே ஒரு குற்றக்களமாக நடத்தப்பட்டது.

மன்னராட்சிக் காலத்திலும் இதுவே நிலை. 1970களில் அரசி ஃபரா பஹ்லவி பலூச்சிப் பூத்தையல் கொண்ட உடைகளை அணிந்து வெளிநாடுகளில் தோன்றினார். கெய்வான் கொஸ்ரொவானி என்ற கட்டடக் கலைஞர் அவருக்காக நாட்டுக் கைவினைகளைக் கொண்டு உடைகள் வடிவமைத்தார். பலூச்சிஸ்தானத்தின் தேர்ந்த பூத்தையல் கலைஞரான மஹ்தாப் நொரூஸியின் வேலைப்பாடு அரசியின் உடைகளில் இடம்பெற்றது. அந்தக் கலைக்கு அதனால் பெருமை வந்தது. அவருடைய ஊருக்கு அரசியல் உரிமை வரவில்லை.

1979க்கு முன்னரும் துணி போராட்டக் கருவியாக இருந்ததா?

இருந்தது. 1848இல் பதஷ்த் என்ற இடத்தில் பாபி என்ற சமய இயக்கத்தினரின் கூட்டத்தில் கவிஞர் தாஹிரே முகத்திரையின்றித் தோன்றினார். 1852இல் அவர் கொல்லப்பட்டார். நூற்றாண்டின் இறுதியில் இஸ்ஃபஹானில் வணிகர்களும் மதகுருமாரும் சேர்ந்து இஸ்லாமியக் கம்பெனி என்ற பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, இறக்குமதித் துணியை விட்டு உள்நாட்டு நெசவை உடுத்துமாறு மக்களைக் கேட்டார்கள். வங்காளத்தின் சுதேசி இயக்கத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே நடந்தது இது. கதரின் வரலாறு தெரிந்த தமிழ் வாசகருக்கு அதன் உணர்வை விளக்கத் தேவையில்லை.

வெளிநாட்டில் வாழும் ஈரானிய வடிவமைப்பாளர்கள் என்ன செய்கிறார்கள்?

ஒவ்வொருவரின் வழியும் வேறு. 1990களின் தொடக்கத்தில் லண்டனில் பணி தொடங்கிய ஷிரின் கில்ட், ஈரானிய நாட்டுப்புற ஆண்களின் உடைகளில் உள்ள சதுர வெட்டை எடுத்துக்கொண்டு, உடலைக் காட்டவோ மறைக்கவோ முனையாத பெண்களுக்கான உடைகளை உருவாக்கினார். நியூயார்க்கில் ஹுஷிதார் மொர்தசாயி, மைக்கேல் அண்ட் ஹூஷி என்ற தம் நிறுவனத்தின் வழியாகப் பாரசீக எழுத்தையும் உருவங்களையும் இரவு விடுதிகளின் உடையில் கொண்டுவந்தார். பாரியா ஃபர்ஸானே இஸ்ஃபஹானின் கலம்கார் அச்சுத் துணியை ஆண்களின் விளையாட்டு உடைகளில் பயன்படுத்துகிறார். 2020 ஜனவரியில், ஈரானுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூளுமோ என்று உலகம் அஞ்சிய நாள்களில், லண்டன் ஆடைக் காட்சியை ஓர் ஈரானியத் திருமணமாகவே நடத்தினார். குண்டுகளின் இலக்காகப் பேசப்பட்ட மக்களைத் திருமண வீட்டாராகக் காட்டியதைவிடத் தெளிவான எதிர்ப்பு அந்த வாரத்தில் வேறு இருந்திருக்க முடியாது.

கான் திரைப்பட விழாவின் தூக்குக்கயிறு உடையை எப்படி மதிப்பிடுவது?

2023 மே மாதத்தில், போராட்ட வழக்கில் மூவர் இஸ்ஃபஹானில் தூக்கிலிடப்பட்டுச் சில நாள்களில், அமெரிக்காவில் வாழும் ஈரானிய விளம்பர அழகி மஹ்லகா ஜாபெரி கழுத்தில் தூக்குக்கயிறு போன்ற வளையம் கொண்ட கறுப்பு உடையில் செங்கம்பளத்தில் நடந்தார். ஜிலா சேபர் வடிவமைத்த அந்த உடையின் தொங்கலில், தூக்குத் தண்டனைகளை நிறுத்துங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கொல்லப்பட்டவர்களின் கயிற்றை அழகுப் பொருளாக்கினார்கள் என்ற கடும் விமர்சனம் எழுந்தது. உலகின் கவனத்தைத் திருப்பியது என்ற ஆதரவும் எழுந்தது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. அந்தச் செய்தி சென்று சேர வேண்டியதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் கயிறு கொலைகாரரின் கருவி. காவேயின் தோல் கொல்லனின் சொந்த உடை. எதிர்ப்பவர் தம் வாழ்விலிருந்து எடுக்கும் பொருள் நெடுநாள் நிற்கும் என்றும், எதிரியின் கையிலிருந்து எடுக்கும் பொருள் விரைவில் அதிர்ச்சியாகக் கரைந்துவிடும் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது சட்டத்தின் நிலை என்ன?

தண்டனைகளை மேலும் கடுமையாக்கும் ஹிஜாப் சட்டத்தை நாடாளுமன்றம் 2023 செப்டம்பரில் ஏற்றது. நடைமுறைக்கு வரவிருந்த நிலையில் 2024 டிசம்பரில் அது நிறுத்திவைக்கப்பட்டது. பழைய சட்டம் நீக்கப்படவில்லை. தலைத்துணி இன்றிப் பெரு நகரங்களின் தெருக்களில் நடக்கும் பெண்களின் எண்ணிக்கை 2022க்குப் பின் பெருகியிருப்பதும், அவர்களை உள்ளே விட்ட உணவகங்களும் கடைகளும் முத்திரையிடப்படுவதும் ஒன்றாக நடந்துவந்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் ஆடை வடிவமைப்பு பயிலும் ஒருவர் இந்த மரபைப் படிக்க எங்கே தொடங்கலாம்?

துணியிலிருந்து தொடங்குவது நல்லது. பழைய பட்டுப்புடவையின் மாங்காய் புட்டாவையும் தெர்மேயின் போத்தேயையும் அருகருகே வைத்து வரைந்து பார்த்தால், வளைவின் திசையும் உள்நிரப்பும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பது கைக்கே தெரியும். ஷாநாமாவின் காவே பகுதியையும் சியாவுஷ் பகுதியையும் எந்த மொழிபெயர்ப்பிலாவது படிக்க வேண்டும். பலூச்சிப் பெண்களின் மேலாடையில் மார்புப் பகுதி, கைமுனைகள், முன்னால் தொங்கும் நீண்ட பை ஆகிய இடங்களில் மட்டும் தையல் ஏன் அடர்ந்து நிற்கிறது என்று படங்களைக் கொண்டு ஆராயலாம்; அந்தப் பகுதிகள் தனித்தனியே தைக்கப்பட்டு, மேலாடை நைந்துபோனால் பிரித்தெடுத்துப் புதிய துணியில் மீண்டும் பொருத்தப்படுபவை. அதைத் தைத்தவர் எந்த ஊர்ப் பெண் என்று தெரிந்தால் படத்தின் கீழே அவருடைய மக்களின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதுங்கள்.